எந்த லென்ஸ் என்று யார் தீர்மானிப்பது?

கண்புரைச் சத்திரசிகிச்சை இன்று அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற வேலை. அந்த அரைமணிக்குள் கண்ணுக்குள் போகும் லென்ஸ், மிச்சமுள்ள ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்கப்போகிறது. ஆனால் எந்த லென்ஸ் வைப்பது என்று முடிவெடுக்க எங்களில் பலருக்குக் கிடைப்பது சில நிமிடங்களும் ஒரு விலைப்பட்டியலும் வெளிநாட்டுப் பிள்ளையோடு ஒரு தொலைபேசிப் பேச்சும்தான். இரவுக் கடலிலும் இருட்டு வீதியிலும் உழைத்துப் பிழைக்கும் திருகோணமலை மாவட்டத்துக்கு இது போதாது.

2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலர் பார்வையை இழந்தார்கள். அவர்களுக்கு விடப்பட்ட, இந்தியாவிலிருந்து வந்த பிரெட்னிசொலோன் சொட்டுமருந்தின் மீது சந்தேகம் விழுந்தது. அந்த மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில், தரமற்ற இம்யூனோகுளோபியூலின் என்ற வேறொரு மருந்தின் கொள்வனவு தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல கைதானார்.

அன்றிலிருந்து, “பெரியாஸ்பத்திரியில கண்ணைக் குடுக்கப் பயமா இருக்கு” என்ற பேச்சு எங்கள் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கொழும்புக்கோ கண்டிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்த் தனியாரிடம் செய்துகொள்கிறார்கள். அங்கே போனதும் அவர்கள் எதிர்பாராத ஒரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது: “சாதாரண லென்ஸா, மல்டிஃபோகலா?”

நுவரெலியாவில் நடந்ததைப் பத்திரிகைகள் எழுதின, பாராளுமன்றத்தில் பேசினார்கள். மல்டிஃபோகல் லென்ஸ் வைத்த பிறகு இரவில் தடுமாறுகிற ஒருவரைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. வைத்தியசாலைப் பதிவில் அவருடைய சத்திரசிகிச்சை வெற்றி. வெளிச்சமான அறையில் உட்கார்த்தி எழுத்துப் பலகையைக் காட்டினால் கீழ்வரிவரை வாசித்துவிடுவார். வீட்டுக்கு வந்து, மின்சாரம் நின்ற இரவொன்றில் முற்றத்தில் இறங்கும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கும்.

ஒளியைப் பங்கு பிரித்தால்

எங்கள் இயற்கையான லென்ஸ், வயது ஏற ஏறப் பழுத்து மங்குவதைத்தான் புரை என்கிறோம். சத்திரசிகிச்சையில் அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் ஒன்றை வைக்கிறார்கள். வழமையாக வைக்கப்படுவது ஒரே தூரத்துக்குக் குவியும் லென்ஸ். பெரும்பாலும் தூரப் பார்வைக்காக வைப்பார்கள். பத்திரிகை வாசிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் வாசிப்புக் கண்ணாடி வேண்டும்.

மல்டிஃபோகல் லென்ஸ் வேறு வழியில் வேலை செய்கிறது. அதன் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வட்டப் படிகள் செதுக்கப்பட்டிருக்கும். உள்ளே வரும் ஒளியை அவை பிரித்து, ஒரு பகுதியைத் தூரத்துக்கும் ஒரு பகுதியைக் கிட்டத்துக்குமாகக் குவிக்கும். புதிய வகைகளில் நடுத்தூரத்துக்கும் ஒரு பகுதி போகும். கண்ணாடி இல்லாமலே கடற்கரையும் தெரியும், கைத்தொலைபேசியும் தெரியும் என்பதுதான் இதன் கவர்ச்சி.

கரைவலையில் ஏறிய மீனைப் பங்கு பிரிக்கிற மாதிரித்தான் இதுவும். பங்காளி கூடக் கூட ஒவ்வொருவர் கூடையும் சிறுக்கும். ஒளியைச் சமமாகப் பிரிக்கும் பழைய இரு குவிய லென்ஸ்களில் ஏறத்தாழ 41 சதவீத ஒளி தூரத்துக்கும், 41 சதவீதம் கிட்டத்துக்கும் போகும். மிச்சம் 18 சதவீதம் ஒன்றுக்கும் உதவாமல் சிதறும். இன்றைய லென்ஸ்கள் இந்த நட்டத்தைக் குறைத்திருக்கின்றன. பங்கு பிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

தூரத்தில் எரியும் ஒரு விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கான பங்கு அதைக் கூர்மையான புள்ளியாக விழித்திரையில் விழுத்தும். கிட்டத்துக்கான பங்கும் அதே நேரம் அதே இடத்தில் விழும். அதற்கு அந்த விளக்கு சரியாகக் குவியாது. மங்கிய வட்டமாகப் புள்ளியைச் சுற்றி நிற்கும். பகலில் சுற்றுப்புறம் வெளிச்சமாக இருப்பதால் அந்த வட்டம் கண்ணில் படாது. இரவில் பின்னணி கறுப்பு, கண்மணியும் விரிந்திருக்கும். விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது, எதிர்வரும் வாகன வெளிச்சம் நட்சத்திரம் போலச் சிதறுவது, மங்கல் நேரத்தில் படிக்கட்டின் விளிம்பு சுவரோடு கரைந்து போவது எல்லாம் இதனால்தான். லென்ஸில் பழுது இருக்கத் தேவையில்லை. பழுதில்லாத லென்ஸும் இதைச் செய்யும்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து முடிவு சொல்லும் காக்ரேன் அமைப்பு, 2016இல் வெளியிட்ட மீளாய்வில் இதையே சொன்னது. தூரப் பார்வையில் இரண்டு வகைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கண்ணாடி இல்லாமல் சமாளிப்போர் மல்டிஃபோகல் வைத்தவர்களில் அதிகம். ஒளிவட்டமும் கூச்சமும் அவர்களுக்கே அதிகம். 2017இல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, கண்புரை நோயாளர்களுக்கு மல்டிஃபோகல் லென்ஸை வழங்க வேண்டாம் என்று அரசாங்க மருத்துவ சேவைக்கு வழிகாட்டியது. பணக்கார நாடொன்று “இது எல்லாருக்குமான பொருள் அல்ல” என்று எழுதி வைத்த ஒன்று, எங்கள் ஊரில் “பெஸ்ட் லென்ஸ்” என்ற பெயரில் விற்பனையாகிறது.

நான் இந்த லென்ஸுக்கு எதிரி அல்ல. கண்ணில் வேறு நோயில்லாத, பகல் வெளிச்சத்தில் வேலை செய்கிற, கண்ணாடி போடுவதை அடியோடு வெறுக்கிற ஒருவருக்கு இது நல்ல தெரிவாக இருக்கலாம். வைத்துக்கொண்டு சந்தோசமாக இருக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். எனக்கு மறுப்பு இருப்பது, நோயாளி யார், அவர் தொழில் என்ன என்று கேட்காமல் அதைத் தலையில் கட்டுவதில்தான்.

துறைமுகத்தில் இரவு

திருக்கடலூர், பள்ளத்தோட்டம், வீரநகர், சல்லி, இறக்கக்கண்டி, கிண்ணியா, மூதூர் என்று எங்கள் மாவட்டத்தின் கடற்கரைக் கிராமங்களை எண்ணிப் பாருங்கள். பொழுதுபட்டதும் வள்ளம் இறக்கி, விடியக் கரைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்! அறுபது வயதிலும் அறுபத்தைந்து வயதிலும் கடலுக்குப் போகிறவர்கள் இங்கே அபூர்வம் அல்ல. புரை வருகிற வயதும் அதுதான்.

இரவுக் கடலில் அவர்கள் பார்ப்பது விளக்குகளை மட்டுமே. கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. எந்த நிறம் தெரிகிறது என்பதை வைத்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது, நாங்கள் ஒதுங்க வேண்டுமா என்று கணிப்பார்கள். பிரிமா மா ஆலைக்கும் சீமெந்துத் தொழிற்சாலைக்கும் கப்பல் வந்து நிற்கும் நாட்களில் துறைமுக வாயிற்புறம் முழுக்க விளக்கு. அதற்கிடையே, ஒரு சின்ன டோர்ச் வெளிச்சத்தோடு மட்டும் மிதக்கும் இன்னொரு வள்ளத்தை அடையாளம் காண வேண்டும். ஒவ்வொரு பெரிய விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம் விரிந்தால், அந்தச் சின்ன வெளிச்சம் அதற்குள் முங்கிப்போகும்.

கரையிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டுகிறவர், லொறிக்காரர், கந்தளாயிலிருந்து ஹபரணைப் பக்கம் வான் ஓட்டுகிறவர் எல்லாருக்கும் எதிர் வாகன வெளிச்சத்துக்குப் பின்னால் வீதியில் நிற்கும் யானை தெரிய வேண்டும். யானை கறுப்பு, வீதி கறுப்பு, காடும் கறுப்பு. இருட்டுக்கும் இருட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய வேறுபாட்டைப் பிரித்தறியும் திறனைத்தான் இந்த லென்ஸ் குறைக்கிறது. எழுத்துப் பலகை அந்தத் திறனை அளப்பதில்லை.

வெயிலிலும் உப்புக் காற்றிலும் வருடக்கணக்காக நின்றவர்களின் கண்ணில், வெள்ளை விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வது எங்கள் கரையோரத்தில் சாதாரணக் காட்சி. அது கருவிழியின் வளைவைக் கோணலாக்கிவிடும். அப்படிப்பட்ட கண்ணில் மல்டிஃபோகல் லென்ஸ் சரியாக வேலை செய்யாது. யுத்த காலத்தில் கண்ணில் சிதறல் பட்டு, கருவிழியில் தழும்போடு இருக்கிறவர்களுக்கும் அப்படித்தான்.

இவற்றைவிடப் பெரிய விசயம் சீனி வருத்தம். நாட்டில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கேனும் நீரிழிவு இருப்பதாக அண்மைய தேசிய ஆய்வு காட்டியது. நீரிழிவு விழித்திரையைத் தாக்கியிருந்தால், அந்தக் கண் ஏற்கெனவே மங்கலில் பார்க்கும் திறனைக் கொஞ்சம் இழந்திருக்கும். அதன்மேல் ஒளியைப் பிரிக்கும் லென்ஸையும் வைத்தால் இரட்டை நட்டம். குளுக்கோமா உள்ளவர்கள், விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்கள் விடயத்திலும் கண் வைத்தியர்கள் பொதுவாக இதையே சொல்வார்கள். இன்று கண் நன்றாக இருக்கும் நீரிழிவு நோயாளிக்குக்கூடப் பத்து வருடம் கழித்து விழித்திரை எப்படி இருக்கும் என்று யோசித்தே லென்ஸைத் தெரிவு செய்ய வேண்டும்.

காசு அனுப்புகிறவரும் கண் கொடுக்கிறவரும்

எனக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மகன் கனடாவில். “அம்மாவுக்கு இருக்கிறதிலேயே நல்லதைப் போடுங்கோ டொக்டர், காசைப் பற்றி யோசிக்க வேண்டாம்” என்று தொலைபேசியில் சொன்னான். பாசத்தில் சொன்னதுதான். விலைப்பட்டியலில் ஆக மேலே இருந்தது வைக்கப்பட்டது. அம்மா இப்போது கண்ணாடி இல்லாமல் பத்திரிகை வாசிக்கிறார். பொழுதுபட்ட பிறகு கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். திருவிழா மின்குமிழ்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, வாசற்படி எது நிலம் எது என்று தெரியவில்லையாம். மகனிடம் இதை அவர் சொல்லவில்லை. இவ்வளவு காசு செலவழித்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்கிறார்.

கனடாவிலோ லண்டனிலோ கட்டாரிலோ இருக்கும் பிள்ளைகள் நன்றி கெட்டவர்கள் அல்ல. தூரத்தில் இருக்கிற குற்ற உணர்வை அவர்கள் காசால் தீர்க்கப் பார்க்கிறார்கள். விலைப்பட்டியலும் அந்த உணர்வுக்கு ஏற்றபடிதான் அமைந்திருக்கிறது: அடியில் “சாதாரணம்”, நடுவில் ஒன்று, உச்சியில் “பிரீமியம்”. தகப்பனுக்குச் சாதாரணம் போதும் என்று எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?

விலை கூடியது தரம் கூடியது என்ற கணக்கு தொலைக்காட்சிப் பெட்டிக்குச் சரியாக இருக்கலாம். கண் லென்ஸுக்குச் சரிவராது. ஒரு குவிய லென்ஸ் மலிவாக இருப்பதன் காரணம் வேறு.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கதை எங்கள் ஊர்ப்பக்கமும் எட்டிப் பார்க்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசியபோது, சைனா பே விமானத் தளத்திலிருந்து எதிர்த்துப் பறந்தவை பிரித்தானியரின் ஹரிக்கேன் விமானங்கள். அதே வகை விமானம் ஒன்றின் மேல்மூடி 1940இல் இங்கிலாந்து வானில் நொறுங்கி, பிளாஸ்டிக் துண்டுகள் விமானியின் கண்களில் ஏறின. அத்துண்டுகளைக் கண் பகைக்காமல் உள்ளே வைத்திருப்பதைக் கவனித்தவர் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர். 1949 நவம்பர் 29ஆம் திகதி லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில், அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த முதல் லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக வைத்தியர்கள் பலர் அவரை வருடக்கணக்காக எதிர்த்தார்கள். முதுமையில் அவருக்கும் புரை வந்தது. அதே வைத்தியசாலையில் செயற்கை லென்ஸ் வைத்துக்கொண்டார்.

அந்த லென்ஸ் தெற்காசிய ஏழைகளுக்கு எட்டாக்கனியாகவே பல காலம் இருந்தது. மதுரையில் 1976இல் வைத்தியர் கோ. வெங்கடசாமி பதினொரு கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் அவுரோலாப் என்ற பெயரில் தானே லென்ஸ் செய்யத் தொடங்கியது. நூறு டொலருக்கு மேல் விற்ற பொருளைப் பத்து டொலர் அளவுக்கு இறக்கியது. ஒரு குவிய லென்ஸின் இன்றைய மலிவுக்குப் பின்னால் இருப்பது இதுதான்: கோடிக்கணக்கான கண்களில் சோதித்துத் தேறிய பொருள், பெருந்தொகையாகச் செய்யப்படுகிறது. அரசாங்க வைத்தியசாலையில் அதை வைத்துக்கொண்டவர் குறைந்த பொருளை வாங்கிக்கொண்டவர் அல்ல. இரவுத் தொழிலாளி என்றால், அவர் கண்ணுக்கு அதைவிட நல்ல லென்ஸ் இன்றைக்கு இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

இந்த “நல்ல லென்ஸ்” ஆசையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காசு சேரட்டும், மகன் அனுப்பட்டும் என்று சத்திரசிகிச்சையை வருடக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். புரை முற்றி இறுகினால் சத்திரசிகிச்சை கடினமாகும். சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். 2013–14 தேசிய ஆய்வின்படி இலங்கையில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் 1.7 சதவீதத்தினர் பார்வையற்றவர்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் புரை. அவர்களுக்கு வேண்டியது ஏதாவது ஒரு லென்ஸ், நேரத்தோடு.

வைத்தாயிற்று, இனி?

ஏற்கெனவே மல்டிஃபோகல் லென்ஸ் வைத்து, இரவில் சிரமப்படுகிறவர்கள் பயப்பட வேண்டாம். முதல் சில வாரங்கள் வட்டமும் கூச்சமும் பெரும்பாலானோருக்கு இருக்கும். மூளை மெல்ல மெல்ல அதை ஒதுக்கப் பழகும். இதற்குச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அந்தக் காலத்தில் இரவில் வாகனம் ஓட்டாமலும் கடலுக்குப் போகாமலும் இருப்பது நல்லது. தொழிலை விட்டுவிட்டு எப்படி இருப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இந்தக் கணக்கைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் “பழகிப்போகும்” என்ற ஒரு வார்த்தையோடு நோயாளியை அனுப்பிவிடக் கூடாது. மங்கலுக்குத் திருத்தக்கூடிய காரணம் இருக்கக்கூடும். லென்ஸின் பவர் கணிப்பில் சின்ன மிச்சம் இருந்தால், மல்டிஃபோகல் லென்ஸ் அதைப் பொறுத்துக்கொள்ளாது. மெல்லிய கண்ணாடி ஒன்று பாதிக் குறையைத் தீர்த்துவிடலாம். கண் உலர்ந்திருந்தால் பார்வை நேரத்துக்கு நேரம் மாறும். அதற்குச் சொட்டுமருந்து உண்டு. விழித்திரை வீங்கியிருக்கலாம், அதற்கு வேறு சிகிச்சை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். லென்ஸைத் தாங்கி நிற்கும் மெல்லிய பை, மாதங்களோ வருடங்களோ கழித்துப் பின்பக்கத்தில் மங்கும். “திரும்பப் புரை வந்திட்டுது” என்று சனம் சொல்வது இதைத்தான். லேசரால் அந்தப் பையில் ஒரு துளை போட்டால் பார்வை தெளியும். சில நிமிட வேலை. ஆனால் துளை போட்ட பிறகு லென்ஸை மாற்றுவது மிகவும் சிக்கலாகிவிடும். ஆகவே உங்கள் சிரமம் சத்திரசிகிச்சை முடிந்த நாளிலிருந்தே இருந்ததென்றால், அது லென்ஸால் வந்ததா பையால் வந்ததா என்று தெரிந்துகொள்ளாமல் லேசருக்குச் சம்மதிக்க வேண்டாம். வேறொரு கண் வைத்தியரிடமும் காட்டுங்கள்.

எல்லா வழியும் பார்த்த பிறகும் முடியாவிட்டால், மல்டிஃபோகலை எடுத்துவிட்டு ஒரு குவிய லென்ஸ் வைக்க முடியும். இது மிகச் சிலருக்கே தேவைப்படும். நாள் போகப் போக லென்ஸ் பையோடு ஒட்டிக்கொள்வதால், வருடக்கணக்கில் காத்திருக்கவும் முடியாது. முதல் கண்ணில் திருப்தி இல்லை என்றால் இரண்டாவது கண்ணுக்கு அதே லென்ஸை வைக்க அவசரப்படாதீர்கள். “இரண்டும் செய்தால் சரியாயிடும்” என்பது சிலருக்கு உண்மையாகலாம். எல்லாருக்கும் அல்ல.

என்ன செய்யலாம்

முதலாவது, ஒரு தாள். எந்த லென்ஸ் என்ன தரும், என்னத்தை எடுக்கும் என்று தமிழிலும் சிங்களத்திலும், வீட்டில் ஆறுதலாக வாசிக்கக் கூடிய ஒரு பக்கம். இரவு வீதியும் இரவுக் கடலும் இரண்டு வகை லென்ஸிலும் எப்படித் தெரியும் என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம். இதைச் சத்திரசிகிச்சை நாளன்று காலை, கண்மணியை விரிக்கும் மருந்து விட்ட பிறகு நீட்டக் கூடாது. குறைந்தது ஒரு வாரம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். தமிழில் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஆங்கிலச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது, தமிழ் அரசகரும மொழியாகி இத்தனை காலத்துக்குப் பிறகும் நடக்கிறது. கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் மனம் வைத்தால் இந்தத் தாளை ஒரு மாதத்தில் அச்சடிக்கலாம். கண் வைத்தியர்களின் சங்கம் உள்ளடக்கத்தைச் சரிபார்த்துக் கொடுக்கலாம்.

அந்தத் தாளின் மேற்பகுதியில் நோயாளி நிரப்ப வேண்டிய கேள்விகள் வரட்டும். என்ன தொழில்? இரவில் வாகனமோ படகோ ஓட்டுவீர்களா? நீரிழிவு எத்தனை வருடமாக? கண்ணில் முன்பு காயம் பட்டதா? வாசிப்புக் கண்ணாடி போடுவது உங்களுக்கு உண்மையிலேயே தொல்லையா? கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்று எழுதுகிற ஒருவருக்கு மல்டிஃபோகல் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை. வாசிப்புக் கண்ணாடி திருகோணமலைச் சந்தையில் வீதியோரமாகவே கிடைக்கிறது.

இரண்டாவது, விளக்கிச் சொல்ல ஒரு ஆள். நெரிசலான கிளினிக்கில் வைத்தியருக்கு ஒருவரோடு அரைமணி நேரம் பேச முடியாது. அதை அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அரவிந்தில் இதற்கென்றே ஆலோசகர்களைப் பயிற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் கண் பிரிவுகளிலும் தாதியர் ஒருவரை இதற்குப் பயிற்றலாம். தனியார் நிலையங்களிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் விலை கூடிய லென்ஸை விற்றால் தரகு கிடைக்கும் ஒருவர் சொல்வதை ஆலோசனை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்படித் தரகு கொடுப்பதைத் தனியார் சுகாதாரச் சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபை தடை செய்ய வேண்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அந்தச் சபையை அமைத்தது கட்டடங்களைப் பதிவு செய்வதற்காக மட்டும் அல்ல.

மூன்றாவது, விளம்பரம். “இனி வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி தேவையில்லை” என்று எழுதுகிற பலகையில், இரவில் ஒளிவட்டம் வரலாம் என்பதும் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை மா, சீனி விலையைப் பார்க்கிற கண்ணால் இதையும் கொஞ்சம் பார்க்கலாம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பொறுப்பில் மருந்துகளோடு மருத்துவ சாதனங்களும் அடங்கும். லென்ஸும் அதில் ஒன்று. நாட்டுக்குள் அனுமதிக்கும்போது காட்டுகிற அக்கறை, வைத்த பிறகும் வேண்டும். சுவீடன் 1992இலிருந்து கண்புரைச் சத்திரசிகிச்சைகளுக்கென்றே ஒரு தேசியப் பதிவேடு வைத்திருக்கிறது. எங்களிடம் நாடு தழுவிய பதிவேடு உடனே வராது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் ஒரு கொப்பி போதும்: எங்கே செய்தது, எந்த லென்ஸ், என்ன முறைப்பாடு, எப்போது தீர்ந்தது. ஒரு வருடம் எழுதினால், இங்கே எத்தனை பேர் அவதிப்படுகிறார்கள் என்பதாவது தெரியவரும்.

நான்காவது, கொழும்பிலோ கண்டியிலோ செய்துகொண்டு வந்தவர்களை “செய்த இடத்திலேயே போய்க் காட்டுங்கோ” என்று திருப்பி அனுப்பாமல் இருக்க ஒரு வழி. மூதூரிலிருந்து கொழும்புக்கு ஒரு தடவை போய்வர ஒரு வயோதிபருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் இரண்டு நாள் போகும். மாதத்தில் ஒரு பின்னேரம், சத்திரசிகிச்சைக்குப் பின்னான சிரமங்களுக்கு மட்டும் கிளினிக் ஒன்று வைத்து, விளக்கைக் குறைத்த அறையில் பார்வையைச் சோதித்தால் பாதிப் பேரின் குறை என்னவென்று அங்கேயே தெரிந்துவிடும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் இதில் உதவலாம். அறுபது தாண்டிய உறுப்பினர்களைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே கூட்டிவைத்து, கடலுக்குப் போகிறவருக்கு எந்த லென்ஸ் பொருந்தும் என்று கண் வைத்தியர் ஒருவரைக் கொண்டு ஒரு மணி நேரம் பேசவைக்கலாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. காசை அனுப்புங்கள். ஆனால் “நல்லதைப் போடுங்கோ” என்று வைத்தியரிடம் சொல்வதற்கு முன், அப்பாவிடமோ அம்மாவிடமோ பேசுங்கள். இரவில் எங்கே போகிறார்கள், எதில் போகிறார்கள், கண்ணாடி போடுவதில் உண்மையில் சலிப்பா என்று கேளுங்கள். பிறகு வைத்தியரிடம், “இந்தக் கண் உங்கள் தகப்பனுடையதாக இருந்தால், அவரும் மீன்பிடிக்கப் போகிறவராக இருந்தால், எதை வைப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள், அல்லது கொடுக்க வேண்டும். லென்ஸின் பெயர், வகை, பவர், தொடரிலக்கம், வைத்த திகதி எல்லாம் அதில் இருக்கும். பலர் அதைச் சொட்டுமருந்துப் பெட்டியோடு சேர்த்து எறிந்துவிடுகிறார்கள். பின்னால் எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்த அட்டைதான். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் கண்ணை அளந்த தாளின் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வெளிநாட்டுப் பிள்ளைக்கும் அனுப்பிவிட்டு, மூலத்தை அடையாள அட்டை இருக்கும் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.